குருவி தலையிற் பனங்காயா?

தாங்கமாட்டாதவன்மீது பெரும் பொறுப்பைச் சுமத்தும்போது, "குருவி தலையிற் பனங்காயை வைத்தாற்போல" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள். மோட்டார்த் தொழில் தெரிந்த நாலுபேர் கூடியிருக்கும் கராஜ் ஒன்றில் இப்பழமொழியை எடுத்துவிட்டால், அன்று பிற்பகல் முழுவதும் அங்கு வேலை நடவாது. ஐம்பது ஆண்டு உழைத்த லாண்ட் றோவர் ஒன்றின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் லொறிக்கென்று செய்யப்பட்ட பெரிய டீசல் எஞ்சினைப் பூட்டுவது புத்தியா, அன்றிக் குருவி தலையிற் பனங்காய் வைப்பதா என்பதே வாதம். இரு பக்கத்தாரும் தத்தம் கட்சிக்கு உதாரணங்கள் வைத்திருப்பர். இரு பக்கத்து உதாரணங்களும் உண்மையாகவே இருக்கும். அதுதான் இவ்விடயத்தின் வேடிக்கை.

ஜீப் வைத்திராத வீட்டாரும் இதனைப் படிக்கலாம். வண்டியை ஓட்டுகின்றவர் ஒருவராயினும், மலையிறக்கத்தில் அதனுள் அமர்ந்திருப்பது ஒரு குடும்பம். மாணவர்களுக்கோ, வகுப்பிற் கற்ற பல்லுச் சில்லும் முறுக்கமும் தெருவிலே என்ன செய்கின்றன என்று காண்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

முதலில் வண்டியின் வரலாறு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் இங்கிலாந்தின் றோவர் கம்பனியார் உயர்தரக் கார்கள் செய்வோராய் இருந்தனர். உருக்குக்குக் கட்டுப்பாடு நிலவிய நாட்கள் அவை. அக்கம்பனியின் பொறியியல் தலைவராகிய மோறிஸ் வில்க்ஸ், வேல்ஸ் கரையை அடுத்த அங்கிள்சித் தீவிலிருந்த தமது பண்ணையில், யுத்தத்தில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்து வேலை செய்து வந்தார். அதுபோன்றதொரு வண்டியை நாமே செய்தாலென்ன என்ற யோசனையிலிருந்து பிறந்ததே லாண்ட் றோவர். கிடைத்தற்கரிய உருக்குத் தகட்டை விடுத்து, அலுமினியக் கலப்புலோகத் தகட்டால் அதன் உடலை அமைத்தார்கள். 1948 ஆம் ஆண்டு ஏப்பிரல் 30 ஆந் திகதி ஆம்ஸ்ரர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் அது உலகத்தின் முன் வைக்கப்பட்டது. அதன் பெற்றோல் எஞ்சின் 1595 கன சென்ரிமீற்றர். வலு ஏறக்குறைய 50 பரிவலு.

வயலுக்கும் தோட்டத்துக்கும் அது போதுமானதாகவே இருந்தது. நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் அவ்வண்டி நெடுங்காலம் உழைத்தது. 1957 இல் 2 லீற்றர் டீசல் எஞ்சினும், 1961 இல் 2286 கன சென்ரிமீற்றர் டீசல் எஞ்சினும் வந்தன. இந்தப் பின்னையதே பல நாடுகளிலும் 'லாண்ட் றோவர் டீசல்' என்று பெயர் பெற்றது. 62 பரிவலு. இன்று நகரத் தெருக்களில் ஓடும் மிகச் சிறிய கார்களுட் பல இவ்வளவு வலுவை உடையனவே. அவற்றின் எடையோ நீண்ட லாண்ட் றோவரின் எடையில் ஏறக்குறையப் பாதி. மேலும் அக்கார்களின் முதுகில் எவரும் ஒரு தொன் உர மூடைகளை ஏற்றி மலையேறச் சொல்வதில்லை.

அலுமினிய உடல் துருப்பிடிப்பதில்லை. ஆதலால் வண்டி பார்வைக்கு இளமையாக இருக்க, எஞ்சின் மட்டும் தேய்ந்து புகை கக்கும். மாற்று எஞ்சின் தேடும் எண்ணம் இங்கேதான் எழுகின்றது. எப்படியும் மாற்றத்தானே போகிறோம், அப்படியே சற்றுப் பெரியதாகப் போட்டுவிட்டால் என்ன? உடலுக்குக் கீழேயுள்ள சட்டகம் உருக்கினாலானது, அது துருப்பிடிக்கும் என்பதை இவ்வேளையிற் பலர் மறந்துவிடுவர். சுத்தியலால் தட்டிப் பார்க்கையில் 'டக்' என்று மந்தமாய் ஒலிக்கும் சட்டகத்தின்மேற் புதிய எஞ்சினை ஏற்றுவது, செல்லரித்த வளையின்மேல் ஓடு வேய்வது போலாகும்.

இங்கிலாந்திலே பலர் நாடியது பேர்க்கின்ஸ் 4.203 என்னும் எஞ்சின். 203 கன அங்குலம், அதாவது 3.3 லீற்றர். மாசி பேர்கசன் 65 உழவு இயந்திரத்தின் பிந்திய வகையிற் பூட்டப்பட்டதும் இதுவே. உழுவதற்கென்று பிறந்ததாகையால் மெதுவாகச் சுழன்று பலமாக இழுக்கும். எளிதில் அழியாது. ஆனால் உழவு இயந்திரத்துக்கு அவசரம் என்பதே கிடையாது. அந்தக் குணம் லாண்ட் றோவருக்கும் கூடவே வந்து சேர்ந்தது. மேட்டிற் சிங்கம் போல ஏறும் வண்டி, சமதரையில் மாட்டுவண்டியை நினைவூட்டும். இதற்கான காரணத்தைப் பின்னர் காண்போம்.

பெரிய டீசல் எஞ்சினை லாண்ட் றோவரில் வைப்பது எப்படி என்பதற்குச் சிறந்த பாடம் அவுஸ்திரேலியாவிலிருந்து கிடைக்கின்றது. ஏனெனில் அங்கே அதனைச் செய்தவர்கள் தெருவோரக் கராஜ்காரர் அல்லர். அந்நாட்டில் லாண்ட் றோவரைப் பொருத்தி விற்ற கம்பனியாரே. நூற்றுக்கணக்கான மைல் மனித நடமாட்டமற்ற அந்நாட்டில், பண்ணையாளர் யப்பானிய வண்டிகளின் பெரிய எஞ்சின்களைக் கண்டு லாண்ட் றோவரைக் கைவிடத் தொடங்கியிருந்தனர். ஆகவே 1980 களின் தொடக்கத்தில், யப்பானின் இசுசு கம்பனியாரது 4பிடி1 என்னும் லொறி எஞ்சினை வருவித்து லாண்ட் றோவரிற் பூட்டினார்கள். நான்கு உருளைகள், 3856 கன சென்ரிமீற்றர், ஏறத்தாழ 97 பரிவலு. நம் தெருக்களில் நாளாந்தம் காணும் இசுசு லொறிகளின் குடும்பத்தைச் சேர்ந்ததே அது.

இனி, அவர்கள் எஞ்சினோடு வேறு எவற்றை மாற்றினார்கள் என்று பாருங்கள். பழைய லாண்ட் றோவரின் கியர்ப் பெட்டியை அவர்கள் இவ்வெஞ்சினோடு சேர்க்கவேயில்லை. 1970 இல் வெளிவந்த றேஞ் றோவருக்காக, எட்டு உருளைப் பெற்றோல் எஞ்சினைத் தாங்குமாறு செய்யப்பட்ட உறுதியான கியர்ப் பெட்டியையே வைத்தனர். அப்பெட்டி நான்கு சில்லுகளுக்கும் எப்போதும் வலுவைப் பகிர்ந்தனுப்புவது. பழைய பெட்டியோ சாதாரண ஓட்டத்திற் பின்னச்சுக்கு மட்டும் அனுப்புவது. வண்டியின் முகப்புத் தகடு முன்தள்ளி, மட்காட்டுகளோடு ஒரே வரிசையில் நிற்கும் வகையை எடுத்துக்கொண்டனர். நீண்ட எஞ்சினுக்கு இடம் வேண்டுமல்லவா? டிபரென்ஷியலின் பல்லு விகிதமும் வேறு. இத்தனையும் செய்த பின்னரே அவ்வண்டி பெயர் பெற்றது. அவுஸ்திரேலிய இராணுவம் இதே எஞ்சினோடு கூடிய 'பெரென்ரி' என்னும் லாண்ட் றோவர்களை 1987 முதல் பெற்றுக்கொண்டது. கால் நூற்றாண்டுக்கு மேலாக அவை உழைத்தன. பெரென்ரி என்பது அந்நாட்டிலுள்ள மிகப் பெரிய உடும்பின் பெயர். பிடித்த பிடி விடாத பிராணியின் பெயரை வைத்தவர் எவராயினும் இரசிகரே.

இங்கிலாந்துத் தொழிற்சாலையார் செய்த ஒரு காரியமும் கவனிக்கத்தக்கது. 1979 இல் எட்டு உருளைப் பெற்றோல் எஞ்சினை லாண்ட் றோவரில் வைத்தபோது, றேஞ் றோவரில் 130 பரிவலுவுக்கு மேல் தந்த அதே எஞ்சினை, காற்றுப் புகும் வழியைச் சுருக்கி 91 பரிவலு மட்டும் தருமாறு அடக்கினார்கள். வலு வேண்டும் என்று பெரிய எஞ்சின் வைத்தவர்களே அதன் கழுத்தைப் பிடித்தார்கள்! காரணம் விளங்கவேண்டுமாயின் சிறிது கணக்குப் போடவேண்டும்.

ஓரடி நீளமான ஸ்பானரின் நுனியில் 103 இறாத்தல் எடையைத் தொங்கவிட்டால் அது எவ்வளவு பலத்தோடு திருகுமோ, அதுவே 103 இறாத்தல்-அடி முறுக்கம். பழைய லாண்ட் றோவர் டீசல் எஞ்சின் தரும் உச்ச முறுக்கம் இதுவே. இசுசு தருவது ஏறத்தாழ 188. வித்தியாசம் 85 தானே என்று எண்ணிவிடலாகாது. 1971 இல் வந்த மூன்றாம் வரிசை லாண்ட் றோவரில், முதற் கியரில் இம்முறுக்கம் 3.68 மடங்காகின்றது. மேடு ஏறுவதற்கான தாழ்ந்த விகிதத்திற் போட்டால் மேலும் 2.35 மடங்கு. டிபரென்ஷியலில் இன்னும் 4.7 மடங்கு. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: 40 மடங்குக்குச் சற்று மேல். உராய்வை நீக்கிவிட்டாற் பழைய எஞ்சின் அச்சுகளுக்கு அனுப்பக்கூடியது சுமார் 4,200 இறாத்தல்-அடி. புதியது அனுப்புவது சுமார் 7,600. 85 ஆக இருந்த வித்தியாசம் தெருவுக்கு வந்து சேரும்போது 3,400 ஆகிவிட்டது.

இவ்வளவும் எதன் வழியாகப் போகின்றது? டிபரென்ஷியலிலிருந்து ஒவ்வொரு சில்லுக்கும் செல்லும் அரைத்தண்டுகளின் வழியாக. பழைய லாண்ட் றோவரின் பின் அரைத்தண்டுகள் முறிவதிற் பெயர்போனவை. சிறிய எஞ்சினோடேயே முறிந்தன. மணலிலும் சேற்றிலும் அவ்வளவு பயமில்லை, ஏனெனில் தண்டு முறியுமுன் சில்லு வழுக்கிவிடும். பாரத்தோடு கல் மேட்டில் ஏறும்போது, அந்தரத்திற் சுழன்ற சில்லொன்று திடீரெனக் கல்லைப் பற்றுமே, அந்தக் கணத்திலேதான் முறியும்.

முறிந்தால் என்ன, மாற்றிவிடலாமே என்பார் உளர். மாற்றலாம், தண்டு விலை கூடியதன்று. ஆனால் இங்கே கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. மற்றைய கார்களில் கைப்பிறேக் சில்லுகளை நேரே பிடிக்கும். பழைய லாண்ட் றோவரிலோ அது கியர்ப் பெட்டிக்குப் பின்னால், பின்னச்சுக்குச் செல்லும் சுழல்தண்டைப் பிடிக்கின்றது. பின் அரைத்தண்டு ஒன்று முறிந்துவிட்டால், சுழல்தண்டைப் பிடித்தாலும் சில்லுகள் சுயேச்சையாகச் சுழலும். அதாவது, பின்னச்சு மட்டும் இழுக்கும் சாதாரண ஓட்டத்தில், மேட்டிலே தண்டு முறிகின்ற அதே கணத்தில் எஞ்சினின் இழுவையும் போகும், எஞ்சின் பின்னுக்குப் பிடிக்கும் தடையும் போகும், கைப்பிறேக்கும் போகும். எஞ்சியிருப்பது காற்பிறேக் ஒன்றே. அவ்வேளை வண்டிக்குப் பின்னால் இறங்கிக் கல் வைக்க நிற்பவர் வீட்டுப் பையனாக இருப்பான். பெரிய எஞ்சின் வைப்போர் உறுதியான அரைத்தண்டுக்கும் பணம் ஒதுக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

காற்பிறேக்கின் நிலை என்ன? இவ்விடத்தில் டீசலின் குணமொன்று குறுக்கிடுகின்றது. பெற்றோல் எஞ்சினிற் காற்று செல்லும் குழாயில் ஒரு மூடி உண்டு. ஓட்டுநர் காலை எடுத்ததும் அது மூடிக்கொள்ள, எஞ்சின் காற்றை உறிஞ்ச முயன்று குழாயில் வெற்றிடத்தை உண்டாக்கும். காற்பிறேக்கின் பலத்தைப் பெருக்கும் சேர்வோ என்னும் உதவிக்கலம் இவ்வெற்றிடத்தைக் கொண்டே இயங்குகின்றது. சாதாரண டீசல் எஞ்சினில் அம்மூடி இல்லை. வேகம் எண்ணெயின் அளவால் மட்டுமே கட்டுப்படுத்தப்படுகின்றது. மூடி இல்லையேல் வெற்றிடம் இல்லை. வெற்றிடம் இல்லையேல் சேர்வோ வெறும் தகரப் பேணி. பிறேக் மிதியை மிதித்தால் மரக்கட்டையை மிதித்தது போலிருக்கும்.

ஆகவே டீசல் எஞ்சினுக்கு வெற்றிடப் பம்பி ஒன்று தனியாக வேண்டும். யப்பானிய லொறி எஞ்சின்கள் பலவற்றில் இது மின்பிறப்பாக்கியின் பின்புறத்திற் பொருந்தியிருக்கும். பாவித்த எஞ்சினை வாங்குவோர் மின்பிறப்பாக்கி பழையதென்று கழித்துவிட்டு வேறொன்றைப் பூட்டினால், பிறேக்கின் உதவியையே கழித்துவிட்டார்கள் என்பது பொருள். பஞ்சிகாவத்தையில் எஞ்சின் பார்க்கப் போகின்றவர்கள் முதலில் அதன் பின்புறத்தைத் தடவிப் பார்க்கட்டும். மிகப் பழைய லாண்ட் றோவர்களிலோ சேர்வோவே கிடையாது. ஓட்டுநரின் காலே சேர்வோ. அத்தகைய வண்டியை முன்னிலும் விரைவாக ஓடவைப்பவர் மாணவர் அறிந்த விதியொன்றை நினைவுகூர வேண்டும். ஓடும் வண்டியின் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடியதை 85 இல் ஓட்டினால், பிறேக் விழுங்கவேண்டிய வெப்பம் இரண்டு மடங்கு. பிறேக் உருளையோ அதே பத்து அல்லது பதினொரு அங்குல உருளை.

இதுவரை குறைகளையே அடுக்கினோம். நிறைவையும் சொல்லவேண்டும். "பெரிய எஞ்சின் என்றால் கூட எண்ணெய் குடிக்காதா, சேர்?" என்று வகுப்பிலே மாணவர் கேட்பர். இக்கேள்விக்கு விடை பலரை வியப்படையச் செய்யும். பழைய லாண்ட் றோவர் டீசலில் எண்ணெய் நேராக உருளைக்குட் தெளிக்கப்படுவதில்லை. பக்கத்திலுள்ள சிறிய அறையொன்றிற் தெளிக்கப்பட்டு, அங்கே பற்றி, ஒடுங்கிய வாயினூடாகப் பாய்ந்து வந்தே முசலத்தைத் தள்ளும். வரும் வழியில் வெப்பத்தின் ஒரு பங்கை உலோகச் சுவர்கள் வாங்கிக் கொள்கின்றன. அவ்விழப்பையும் மீறி எண்ணெய் பற்றவேண்டுமென்றே காற்றை 23 இல் ஒரு பங்காக நெருக்குகின்றார்கள். இசுசுவிலோ முசலத்தின் தலையிலுள்ள குழியில் எண்ணெய் நேரே தெளிக்கப்படுகின்றது. வெப்ப இழப்புக் குறைவு. அத்தோடு சிறிய எஞ்சின் மேட்டிலே மூச்சு முட்டச் சுழன்று செய்யும் வேலையைப் பெரியது உயர்ந்த கியரில், ஆறுதலாகச் சுழன்று செய்துவிடுகின்றது. உராய்வில் வீணாவதும் குறைவு. ஆகவே பாரம் இழுக்கும் வண்டியில் 3.9 லீற்றர் எஞ்சின் 2.25 லீற்றர் எஞ்சினைவிடக் குறைவாக எண்ணெய் குடிப்பதும் உண்டு. இதற்குக் கொடுக்கும் விலை சத்தம். நேரே தெளிக்கும் எஞ்சின் இடிப்பது போல அடிக்கும். கதைத்துக்கொண்டு பயணம் செய்ய விரும்பும் தம்பதிகளுக்கு அது உகந்ததன்று.

பேர்க்கின்ஸ் பூட்டிய வண்டி சமதரையில் ஊர்ந்ததன் காரணத்தையும் இப்போது சொல்லிவிடலாம். லொறி எஞ்சினும் உழவு எஞ்சினும் விரைந்து சுழல்வனவல்ல. நிமிடத்துக்கு 3,200 சுற்று என்று வைத்துக்கொண்டு, 4.7 என்ற பழைய டிபரென்ஷியல் விகிதத்தோடு, கியர்ப் பெட்டித் தொகுதியின் உயர்ந்த விகிதத்திலும் உள்ள சிறிய குறைப்பையும், ஒரு சுற்றில் ஏறத்தாழ இரண்டரை மீற்றர் உருளும் ரயரையும் வைத்துக் கணித்தால், மணிக்கு 90 கிலோமீற்றரைத் தொடுமுன்னரே வேகம் முடிந்துவிடுகின்றது. பேர்க்கின்ஸ் இதனினும் மெதுவானது. றேஞ் றோவரின் 3.54 விகிதத்தை வைத்தால் அதே சுழற்சியில் 118 அளவுக்குப் போகலாம். மெதுவாகச் சுழலும் எஞ்சினுக்கு அதுவே இயல்பான சோடி. அவுஸ்திரேலியரின் லாண்ட் றோவரில் இருந்ததும் அதுவே. ஆயின் விகிதத்தை மாற்றியவர் பிறேக்கைப் பற்றி மேலே சொன்ன பந்தியை இன்னொரு முறை படிப்பது நன்று.

பூட்டும் வேலையின் நுட்பங்களை விரிக்கின் பெருகும். எஞ்சினையும் அதற்கு அந்நியமான கியர்ப் பெட்டியையும் இணைக்கத் தடித்த உலோகத் தகடொன்று கடைந்து வைக்கப்படும். எஞ்சின் தண்டின் மையமும் பெட்டித் தண்டின் மையமும் ஒன்றிரண்டு தலைமயிரின் தடிப்புக்குள் ஒத்துவரவேண்டும். கண்ணளவில் வைத்துப் பூட்டினாற் கிளச்சும் தாங்கியும் சில மாதங்களில் அழுது தீர்க்கும். எஞ்சினின் கீழுள்ள எண்ணெய்த் தொட்டி முன்னச்சின் மேல் இடியாதபடி இருக்கவேண்டும். வண்டியை நிறுத்தி வைத்துப் பார்க்கையில் இடைவெளி தாராளமாய்த் தோன்றும். பள்ளத்தில் விழுந்து அச்சு மேலெழும்போதுதான் தொட்டி உடையும். எஞ்சினின் கூடிய பாரத்துக்கு முன் வில்களும் மாறவேண்டும். லொறி எஞ்சினின் மின்சாதனங்கள் 24 வோல்ற்றாயின் வண்டியின் 12 வோல்ற்றோடு சேரா. பெற்றோல் வண்டியாயிருந்தால், தெளிப்பான்களில் மிஞ்சும் டீசல் தாங்கிக்குத் திரும்பிச் செல்லத் தனிக் குழாய் வேண்டும்.

இவ்வளவையும் கூட்டிப் பார்க்கையில், எஞ்சினின் விலை மொத்தச் செலவில் ஒரு பங்குதான் என்பது புலனாகும். எமது அபிப்பிராயத்தில், நாளும் பாரம் இழுக்கின்ற, நல்ல சட்டகமுடைய, உரிய கியர்ப் பெட்டியும் அரைத்தண்டும் பிறேக்கும் சேர்த்து மாற்ற வசதியுள்ள வண்டிக்கு இம்மாற்றம் தகும். சட்டகம் பழுதாயின், அல்லது கையிலுள்ள பணம் எஞ்சினுக்கு மட்டுமே காணுமாயின், பழைய எஞ்சினையே செப்பனிட்டு மெதுவாக ஓட்டுவது மேல். வருடத்தில் இருமுறை கதிர்காமத்துக்குப் போய் வருவதற்கு லொறியின் பலம் எதற்கு?

இறுதியாக, தாள்களின் விடயம். வண்டியின் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் எரிபொருளின் வகையும் எழுதப்பட்டுள்ளன. எஞ்சின் மாறினால் இம்மூன்றும் மாறிவிடக்கூடும். மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்தாதவரின் வண்டி, தாளிலே ஒன்றாகவும் தெருவிலே இன்னொன்றாகவும் ஓடுகின்றது. இது விபத்து நேர்ந்த மறுநாள் காப்புறுதிக்காரர் கண்ணில் முதலில் படும். எஞ்சினை வாங்கும்போதே விற்பவரிடமிருந்து அதன் இலக்கம் குறித்த பற்றுச்சீட்டையும் இறக்குமதித் தாளின் பிரதியையும் கேட்டு வாங்கி வைப்பது நன்று. கடைக்காரர் அப்போது எளிதாய்த் தருவார். ஆறு மாதம் கழித்துப் போனால், எந்த எஞ்சின் என்று கேட்பார்.